பயன்பாட்டு அறிக்கை

நவம்பர் மாதப் பள்ளிக்கூடத்தில்
ஏர்கான் மட்டும் முனகிக்கொண்டிருக்கிறது.
புக்கிட் பாஞ்சாங், நான்காவது மாடி, சாமான் அறை.
சக்கரம் வைத்த இரும்பு அலமாரிக்குள்
முப்பத்தாறு கைக்கணினிகள்
வரிசையாக நின்று மின்சாரம் குடிக்கின்றன.

நான் பாடம் நடத்துகிறவள் இல்லை.
கழுத்தட்டையில் ‘தொழில்நுட்ப உதவியாளர்’.
திரை உடைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.
கவனம் உடைந்தால்
அது வேறு இலாகா.

துணைமுதல்வர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்:
இவற்றால் பிள்ளைகள் உண்மையிலேயே கற்கிறார்களா?
வெள்ளிக்கிழமைக்குள். ஒரு பக்கம் போதும்.
முடிந்தால் ஒரு வரைபடம்.
அதற்குப் பிறகு எல்லாவற்றையும் துடைத்து
அடுத்த ஆண்டுக்குத் தயார் செய்யவும்.

எண் நான்கு.
இருநூற்றுப் பதினாறு மணி நேரம்.
அலமாரியிலேயே மிக உழைத்தது இதுதான்.
திறந்து பார்த்தேன்:
ஒலியை அடைத்துவிட்டு ஒரு காணொளி,
அது முடிந்ததும் தானாக அடுத்தது,
அதற்கும் அடுத்தது.
ஆள் போன பிறகும் சுற்றும் மின்விசிறி.

எண் பதினொன்று.
பத்துக் கேள்விகள், பதினான்கு விநாடிகள்.
எல்லாவற்றுக்கும் ‘இ’. நான்கு சரி.
ஒரு மஞ்சள் நட்சத்திரம் குதித்து வந்து
கைதட்டிவிட்டுப் போயிருக்கிறது.

எண் இருபது, ஹஃபீசாவுடையது.
இதயத்தின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பெரிதாக்கி
ஒரு வால்வுக்குப் பக்கத்தில்
விரலால் எழுதியிருக்கிறாள், மலாயில், கோணலாக:
இந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும்.
எந்தப் புத்தகத்திலும் இப்படி இருக்காது.
மகிழ்ந்து அடுத்த பக்கம் போனேன்.
அதில் தொப்பி போட்ட பூனை.
அதற்கடுத்த பதினேழு பக்கங்களிலும் பூனை.

வரைபடத்தில் எங்கே வைப்பது பூனையை?

எண் முப்பத்தொன்று.
திருமதி செண்பகவல்லியின் தமிழ் வகுப்புக்குப் போய்வந்தது.
புகார்: மைக் வேலை செய்யவில்லை.
மாணவன் ரித்திகேஷ், உயர்நிலை இரண்டு.
வாய்மொழிப் பயிற்சிக்கு நேராகச் சிவப்பு எழுத்து:
சமர்ப்பிக்கவில்லை. சமர்ப்பிக்கவில்லை. சமர்ப்பிக்கவில்லை.

சோதிக்கத்தான் ஒலிக்கோப்புகளைத் திறந்தேன்.
நாற்பத்தொன்று இருந்தன.
நான்கு விநாடி, மூன்று விநாடி, ஆறு விநாடி.
பின்னால் பேருந்தின் கதவோசை,
ஒன்றில் கழிவறைத் தண்ணீர்,
ஒன்றில் யாரோ “சாப்பிட வா” என்பது.
எல்லாவற்றிலும் ஒரே வரி:
“தாள்வாரத்தில் மளை வளிந்தது.”
“தாள்வாரத்தில் மலை…” சே.
“தாழ்… தாழ்வாரத்தில் மளை…”
பத்தொன்பதாவதில் பேச்சே இல்லை, மூச்சு மட்டும்.
இருபத்தாறில் ஒரு கெட்டவார்த்தை, அதில் ழகரம் இல்லை, சுத்தமாக வந்தது.

முப்பத்தெட்டாவது:
“தாழ்வாரத்தில் மழை வழிந்தது.”

பிறகு மூன்று முறை அதையே சொல்கிறான்,
கையில் கிடைத்த காசை எண்ணிப் பார்ப்பவனைப் போல.
அனுப்பு என்ற பொத்தானை அவன் தொடவே இல்லை.
மைக் நன்றாகத்தான் இருக்கிறது.

முப்பது பேர் முன்னால் இவன் நாற்பது தடவை தவறியிருக்க முடியாது.
இதுவும் ஒரு வாதம்.
இந்தக் கருவி அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை,
சிரிக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.
இதுவும் ஒரு வாதம்.
எதற்கு விழுக்காடு போடுவது என்று தெரியாமல்
காப்பிக் கடையிலிருந்து கட்டிவந்த தே ஓ
பையிலேயே ஆறியது.

என்னையும் ஒரு வகுப்பு சிரித்திருக்கிறது.
அன்றோடு அந்த எழுத்து வருகிற சொற்களைச்
சுற்றிப் போகக் கற்றுக்கொண்டேன்;
‘பழம்’ வேண்டாம், ‘ஃப்ரூட்’ போதும்.

துடைக்கும் வேலை தொடங்கியது.
தமிழில் அமைத்த திரை தமிழிலேயே கேட்கிறது:
எல்லாவற்றையும் அழிக்கவா?

ஆளில்லாத அறைதானே.
வாய்விட்டுப் படித்தேன்.
“அளிக்கவா” என்று வந்தது.

இன்னொரு முறை.